அரசுப் பள்ளி மாணவர்களிடம் கேள்வித்தாள் ஆய்வு: எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டுமா?

தேன்சிட்டு (கேள்வி):

வணக்கம். ஒரு கலை அறிவியல் கல்லூரியில் சமூகப்பணித் துறையில் பகுதிநேர பிஎச்.டி. செய்கிறேன். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களின் செல்போன் பயன்பாடு, தூக்கம், மனச்சோர்வு மூன்றுக்கும் உள்ள தொடர்புதான் தலைப்பு. ஒரே மாவட்டத்தில் மூன்று அரசு மேல்நிலைப் பள்ளிகள், மொத்தம் 400 பேர். செல்போன் பற்றிய கேள்விகளை நானே தயாரித்திருக்கிறேன். தூக்கத்துக்கு பிட்ஸ்பர்க் அளவுகோல், மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி அளவுகோல். ஊசி, மருந்து, ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கூகுள் ஃபார்மில் எடுக்கப்போகிறேன், பெயர் கேட்கமாட்டேன்.

"வெறும் சர்வேதானே, ஹெச்.எம்.மிடம் லெட்டர் வாங்கினால் போதும்" என்கிறார் கைடு. ஆனால் நாங்கள் பார்த்து வைத்திருக்கும் ஜர்னல் எத்திக்ஸ் கமிட்டியின் (மனிதர்களிடம் செய்யும் ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பரிசீலிக்கும் குழு) பெயர், ஒப்புதல் எண், தேதி மூன்றும் கேட்கிறது. எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு கமிட்டியே இல்லை. என் சந்தேகங்கள்:

இந்த ஆய்வுக்கு உண்மையிலேயே ஒப்புதல் தேவையா? தேவை என்றால் எங்கே விண்ணப்பிப்பது? 30 பேரை வைத்து பைலட் (முன்னோட்ட ஆய்வு) முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாமா? பெற்றோருக்கு "விருப்பம் இல்லாவிட்டால் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதுமா?

நெறிவழி:

தேவை. அதிலும் முழுக் குழு கூடிப் பரிசீலிக்க வேண்டிய வகை இது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் மூன்று விதப் பரிசீலனையைச் சொல்கின்றன: விலக்கு, துரிதப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை. பொதுவெளியில் ஏற்கெனவே கிடைக்கும் தரவு, ஆளை அடையாளம் காட்டாமல் பொது இடத்தில் பார்த்துக் குறிப்பது, இரண்டு பாடம் நடத்தும் முறைகளை ஒப்பிடுவது போன்றவைதான் விலக்குக்குள் வரும். விலக்கு உண்டா இல்லையா என்பதையும் குழுதான் முடிவு செய்யும், ஆய்வாளரோ கைடோ அல்ல. "சர்வே என்றால் தேவையில்லை" என்று பலரும் நம்புவது இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. ஊசி போடுகிறோமா என்பதை வைத்துக் குழு அளப்பதில்லை. யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம், அந்தப் பதில் வெளியே போனால் அவருக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்ற பிரிவில் வருகிறார்கள். ஆபத்து மிகக் குறைவாக இருந்தாலும் அந்தப் பிரிவினரைக் கொண்ட ஆய்வு முழுக் குழுவுக்குத்தான் போகும்.

சமூகப்பணித் துறை என்பதாலும் தப்பிக்க முடியாது. தூக்கமும் மனச்சோர்வும் உடல்நலம் சார்ந்தவை. உடல்நலம் தொடர்பான சமூக, நடத்தையியல் ஆய்வுகளுக்கென்றே அந்த நெறிமுறையில் தனிப் பகுதி இருக்கிறது.

பைலட்: ஒப்புதலுக்கு முன் கூடாது. முப்பது பேரும் பங்கேற்பாளர்கள்தான். பைலட்டையும் விண்ணப்பத்திலேயே முதல் கட்டமாக எழுதிவிடுங்கள். பைலட் முடிந்து கேள்விகள் மாறினால் திருத்தமாகச் சமர்ப்பித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வேண்டுமானால் துறைசார் வல்லுநர்கள் ஐந்தாறு பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து உள்ளடக்கம் சரியா என்று கருத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தரவு எடுத்து முடித்துவிட்டு பின்தேதியிட்டு ஒப்புதல் கேட்டு வருபவர்கள் எல்லாக் குழுக்களிடமும் உண்டு. ஒழுங்கான குழு கொடுக்காது. கொடுத்தாலும் ஒப்புதல் தேதியும் தரவு எடுத்த மாதமும் ஆய்வுக் கட்டுரையில் அடுத்தடுத்த வரிகளில் வரும், ரிவ்யூவர் கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

கோப்புக்கட்டு:

எங்கே விண்ணப்பிப்பது என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் மனிதப் பங்கேற்பாளர் நெறிக்குழு இருக்கிறதா, இணைப்புக் கல்லூரி ஆய்வாளர்களின் விண்ணப்பத்தை அது எடுக்குமா என்று ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி அல்லது ஆராய்ச்சி நிறுவனத்தின் குழுவை அணுகலாம். சொந்தக் குழு இல்லாத நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் குழுவைப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்திக்கொள்ள ஐசிஎம்ஆர் நெறிமுறை இடம் தருகிறது. ஒப்பந்தத்தில் உங்கள் பிரின்சிபல் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வாளரும் கைடும் தனிப்பட்ட முறையில் போடும் ஒப்பந்தம் செல்லாது.

குழு பதிவு பெற்றதா என்று கட்டாயம் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, உயிர்மருத்துவ, உடல்நல ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுக்கள் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு 'நைதிக்' என்ற இணையதளத்தில் நடக்கிறது. மருந்துப் பரிசோதனைக்கான குழுப் பதிவு வேறு, அது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு விஷயங்கள் எத்திக்ஸ் ஒப்புதல் ஆகாது. ஒன்று, பிஎச்.டி.யை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டி உங்கள் சினாப்சிஸை (ஆய்வுச் சுருக்கம்) ஏற்றுக்கொண்ட மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு). இரண்டு, பிரின்சிபல் ஒரு ஆணை போட்டு துறைத்தலைவர்கள் நாலு பேரை உட்காரவைத்து "எத்திக்ஸ் கமிட்டி" என்று பெயர் சூட்டுவது. முறையான குழுவில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். பாதிப்பேர் வெளியார், தலைவரும் வெளியார். சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், துறைக்குச் சம்பந்தமில்லாத சாதாரண மனிதர் ஒருவர் எல்லாம் உண்டு. கூட்டம் செல்ல குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். உங்கள் கைடே அந்தக் குழுவில் உறுப்பினர் என்றால், உங்கள் விண்ணப்பம் வரும்போது அவர் அறையைவிட்டு வெளியேறியது மினிட்ஸில் பதிவாக வேண்டும்.

தேன்சிட்டு:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் ஐசிஎம்ஆரின் பொதுப் படிவத்தை நிரப்ப ஆரம்பிக்கிறேன். "ஆபத்து" என்ற பகுதியில் "எதுவும் இல்லை" என்று எழுதலாமா? பெயரே வாங்கவில்லையே.

அகல்விளக்கு:

எழுதாதீர்கள். உங்கள் விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் அந்தப் பகுதியில்தான்.

பிஎச்க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கடந்த இரண்டு வாரங்களில் இறந்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஒரு பதினைந்து வயதுப் பெண் "கிட்டத்தட்ட தினமும்" என்று டிக் செய்கிறாள். உங்கள் கூகுள் ஃபார்மில் பெயர் இல்லை. மூன்று வாரம் கழித்து எக்செல் ஷீட்டில் அந்த வரியைப் பார்க்கிறீர்கள். யார் என்று தெரியாது, ஒன்றும் செய்ய முடியாது. உதவி தேவை என்று ஒரு குழந்தை சொல்லியும் கேட்டவர் கைகட்டி நிற்கும்படி ஆய்வை அமைத்திருக்கிறீர்கள் என்றுதான் குழு இதைப் படிக்கும். பிஎச்க்யூ-9-ஐயும் பெயரில்லாத கூகுள் ஃபார்மையும் சேர்த்து எந்தக் குழுவிலும் தேற்ற முடியாது.

வழி இரண்டு.

ஒன்று, பிஎச்க்யூ-8. ஒன்பதாவது கேள்வி இல்லாத அதே அளவுகோல். மதிப்பெண் 0 முதல் 24 வரை, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டியது. உங்கள் ஆய்வுக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது இல்லை என்பதால் இதுவே போதும் என்பது என் கருத்து. தேவையில்லாத தகவலைக் குழந்தைகளிடம் வாங்காமல் இருப்பதும் நெறிதான்.

இரண்டு, பிஎச்க்யூ-9-ஏ (வளரிளம் பருவத்தினருக்கான பிஎச்க்யூ-9) வேண்டுமென்றால் அநாமதேயத்தை விட்டுவிட்டு ரகசியக் குறியீட்டு எண்ணுக்கு மாற வேண்டும். விடைத்தாளில் எண் மட்டும் இருக்கும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனியாக, பூட்டிய இடத்தில், உங்களிடம் மட்டும். பிறகு செயல்முறையை ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். மாணவர்கள் வகுப்பைவிட்டுப் போவதற்கு முன்பே ஒன்பதாவது கேள்வியைப் புரட்டிப் பார்ப்பது யார்? பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றே தனியாகப் பேசுவது யார்? அவருக்கு என்ன தகுதி? பெற்றோரிடம் யார், எப்போது சொல்வது? எங்கே அனுப்புவது? மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிடமோ "அனுப்பினால் பார்க்கிறோம்" என்று கடிதம் வாங்கி இணையுங்கள். "தேவைப்பட்டால் கவுன்சலிங் தரப்படும்" என்ற ஒற்றை வரியை எழுதாத விண்ணப்பமே கிடையாது. யார் தருவார் என்று குழுவில் ஒருவர் கேட்டதும் அது அங்கேயே காலி.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை: குறிப்பிட்ட மாணவரை மட்டும் வகுப்பில் எழுப்பிக் கூப்பிட்டால் மொத்தப் பள்ளிக்கும் தெரிந்துவிடும். அதனால் வேறு சிலரையும் சேர்த்தே கூப்பிட வேண்டும். ஒரு பிள்ளையிடம் பேச அரை மணி நேரமாவது ஆகும் என்பதால் ஒரே நாளில் ஒரு பள்ளி முழுவதையும் முடிக்கத் திட்டமிடாதீர்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் வேண்டவே வேண்டாம், அடுத்த இரண்டு நாள் யாரும் கிடைக்கமாட்டார்கள். பிஎச்க்யூ-8 எடுத்தாலும் எல்லா மாணவர்களுக்கும் மனநல உதவிக்கான டெலி-மனாஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் அச்சிட்ட சீட்டு கொடுங்கள். மதிப்பெண் அதிகம் வந்தவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

கூகுள் ஃபார்மில் இன்னொரு பிரச்சினை. அரசுப் பள்ளி வளாகத்துக்குள் மாணவர் செல்போன் கொண்டுவர முடியாது. லிங்க் வீட்டுக்குத்தான் போகும். பல வீடுகளில் அது அப்பா அல்லது அம்மாவின் போன். பிள்ளையின் மனச்சோர்வுக் கேள்விகளை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். காகிதமே மேல்.

நெறிவழி:

அகல்விளக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தகவல் தாளில் "நீங்கள் சொல்வதை எந்தச் சூழ்நிலையிலும் யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று எழுதிவிடாதீர்கள். சட்டப்படி அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாது. பேசும்போது ஒரு மாணவர் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ தெரிவிக்கும் கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது. தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி குற்றம். "உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், உங்களிடம் சொல்லிவிட்டு, உதவக்கூடியவரிடம் தெரிவிப்போம்" என்று மாணவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

பள்ளிமணி:

பெற்றோர் கடிதம் பத்திக் கேட்டிருந்தீங்க. "வேண்டாம்னா மட்டும் கையெழுத்து" முறை இங்க செல்லாது. கடிதம் புத்தகப்பைக்குள்ளயே கிடக்கும், வீட்டுக்கே போய்ச் சேராது. திரும்பி வராத கடிதத்தைச் சம்மதம்னு எடுத்துக்க முடியாது. ஹெச்.எம். அனுமதியும் அப்படித்தான். அது பள்ளிக்குள்ள நுழையறதுக்கான அனுமதி, பிள்ளைகள் சார்பான சம்மதம் கிடையாது.

உங்களுக்கு வேண்டிய படிவங்கள்: பெற்றோருக்குத் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும். மாணவருக்குத் தனித் தகவல் தாளும் இசைவுப் படிவமும் (பிள்ளை தானே தர்ற சம்மதம்). ஐசிஎம்ஆர் கணக்குப்படி 7 முதல் 11 வயசு வரை பெற்றோர் முன்னால வாய்மொழி இசைவு, 12 முதல் 18 வரை எழுத்து மூலம். உங்க மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. பலரும் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு: பன்னிரண்டாம் வகுப்புல சிலருக்கு 18 முடிஞ்சிருக்கும். அவங்க பெரியவங்க கணக்கு, சொந்த ஒப்புதல் படிவம் தனியா வேணும். பெற்றோர்ல ஒருத்தர் கையெழுத்துப் போதுமாங்கறதைக் குழு சொல்லும். ஆபத்து மிகக் குறைவான ஆய்வுக்குப் பொதுவா ஒருத்தர் போதும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசிச்சுக் காட்டி, கைரேகை வாங்கி, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கையெழுத்துப் போடணும். வகுப்பு ஆசிரியரைச் சாட்சியாப் போட வேண்டாம், பெற்றோர் அவர் முன்னால முடியாதுன்னு சொல்லத் தயங்குவாங்க. பெற்றோரை ஒரே இடத்துல பிடிக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், ரேங்க் கார்டு கொடுக்கற நாள் ரெண்டும் நல்ல வாய்ப்பு. விடுதி மாணவர்களுக்கு வார்டன் கையெழுத்துப் போதும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, குழுகிட்ட கேளுங்க.

கேள்வித்தாள் நிரப்பும்போது ஆசிரியர் வகுப்புல இருக்கக் கூடாது. சம்மதம் வராத பிள்ளைகளுக்கு அந்த நேரத்துல என்ன வேலைன்னும் எழுதணும். அவங்களை மட்டும் வெளியே நிறுத்தினா அது தண்டனை மாதிரி ஆகிடும். பேனா, பென்சில் பாக்ஸ் கொடுக்கறதா இருந்தா அதையும் விண்ணப்பத்துல சொல்லுங்க, கலந்துக்காதவங்களுக்கும் கொடுங்க.

தமிழ்ப் படிவத்தை மெஷின்ல மொழிபெயர்த்துப் போட்டுடாதீங்க. குழுவுல இருக்கற சாதாரண மனிதர் முதல்ல வாசிக்கறது அதைத்தான். "தன்னார்வப் பங்கேற்பிலிருந்து எவ்விதப் பாதகமுமின்றி விலகும் உரிமை"ன்னு எழுதினா எட்டாவது படிச்ச அம்மாவுக்கு என்ன புரியும்? "எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மார்க்கைக் குறைக்க மாட்டார்கள், யாரும் திட்டமாட்டார்கள்." இப்படி எழுதுங்க. வேறொருத்தரை விட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாத்தி, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பார்த்த சான்றும் கேப்பாங்க. யூனிகோட் எழுத்துருவுல அடிச்சு பிடிஎஃப்பா அனுப்புங்க. பழைய எழுத்துருவுல அடிச்ச வேர்டு ஃபைல் அவங்க கம்ப்யூட்டர்ல வெறும் கிறுக்கலாத் தெரியும்.

புள்ளிக்கணக்கு:

400 எங்கிருந்து வந்தது? குழு கேட்கும். 50 சதவீதப் பரவல், 5 சதவீதப் பிழை என்று எடுத்தால் 384 வரும், அதை 400 ஆக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது எளிய சமவாய்ப்பு மாதிரிக்கான கணக்கு. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள் என்பதால் பள்ளிவாரியாக எடுக்கும்போது வடிவமைப்பு விளைவைச் (அந்த ஒற்றுமையை ஈடுகட்ட எண்ணிக்கையைப் பெருக்கும் காரணி) சேர்க்க வேண்டும். 1.5 என்று வைத்தால் 576, பத்து சதவீதம் பேர் பதில் தராமல் போவார்கள் என்று பார்த்தால் 640. மூன்று பள்ளி என்பதும் குறைவு. அதே 640 பேரைப் பத்துப் பன்னிரண்டு பள்ளிகளில் பிரித்து எடுங்கள். இது எத்திக்ஸ் கமிட்டியின் வேலையா என்று எரிச்சல் வரலாம். முடிவு தராத ஆய்வுக்காக நானூறு பிள்ளைகளின் வகுப்பு நேரத்தை எடுப்பது சரியா என்பதுதான் அவர்கள் கேள்வி.

பிட்ஸ்பர்க் அளவுகோலுக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்கி அந்த மின்னஞ்சலை இணையுங்கள். பிஎச்க்யூவுக்குத் தனி அனுமதி தேவையில்லை. பிட்ஸ்பர்க்கின் கடைசியில் படுக்கையைப் பகிர்பவரிடம் கேட்கும் ஐந்து கேள்விகள் இருக்கும். மதிப்பெண்ணில் சேராதவை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்தாதவை. அப்படியே மொழிபெயர்த்து அச்சடித்துவிடாதீர்கள்.

தேன்சிட்டு:

எல்லோருக்கும் நன்றி. பிஎச்க்யூ-8-க்கும் காகிதத்துக்கும் மாறுகிறேன். கடைசியாக இரண்டு. முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் "எத்திக்ஸ் லெட்டர் கொண்டுவாருங்கள்" என்கிறார்கள். குழுவின் செக்லிஸ்டிலோ "பள்ளி அனுமதிக் கடிதம்" என்று இருக்கிறது. எது முதலில்? சர்வே முடிந்தபின் தூக்கம் பற்றி ஒரு விழிப்புணர்வு வகுப்பு நடத்தி, முன்னும் பின்னும் அளக்கவும் ஒரு யோசனை உண்டு. அதையும் இதே விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

கோப்புக்கட்டு:

கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலை வாங்குங்கள். அதைக் குழுவிடம் இணைத்து, "பள்ளி அனுமதி கிடைத்தபின் தரவு சேகரிப்பு தொடங்கும்" என்று உறுதிமொழி கொடுங்கள். அந்த நிபந்தனையுடன் ஒப்புதல் தருவது குழுக்களுக்குப் பழக்கமான விஷயம். அந்தக் கடிதத்தைக் காட்டி அலுவலகத்தில் அனுமதி வாங்கி, நகலைக் குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். பொதுத்தேர்வு, செய்முறைத் தேர்வு மாதங்களில் பள்ளி அனுமதி கிடைக்காது, நாள்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

குழுவின் கூட்டம் மாதம் ஒருமுறையா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா, எத்தனை நாள் முன்பே கோப்பு போய்ச் சேர வேண்டும் என்று உறுப்பினர் செயலரின் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை காத்திருக்க வேண்டும். முதல் கூட்டத்திலேயே திருத்தமின்றி ஒப்புதல் வருவது அபூர்வம். வந்த கேள்வி ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் பதில், மாற்றிய வரிகளுக்கு வண்ணம், படிவங்களின் அடியில் புதிய வெர்ஷன் எண்ணும் தேதியும் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஒப்புதல் கடிதத்தில் அந்த வெர்ஷன் எண்கள் வரும். பள்ளியில் பழைய வெர்ஷன் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் அது மீறலாகப் பதிவாகும்.

விழிப்புணர்வு வகுப்பு குறுக்கீடு வகை, அதாவது பங்கேற்பாளரிடம் ஒன்றைச் செய்து அதன் விளைவை அளக்கும் ஆய்வு. அதை இப்போது சேர்த்தால் சர்வேயும் சேர்ந்து தாமதமாகும். தனி விண்ணப்பமாக வையுங்கள். அதற்கு ஒப்புதல் வந்ததும், முதல் மாணவரைச் சேர்க்கும் முன்பே, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிந்துவிடுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே முன்கூட்டிய பதிவு மட்டும்தான் ஏற்கப்படுகிறது. ஆய்வு தொடங்கியபின் போனால் கதவு மூடியிருக்கும், ஜர்னலும் அந்த எண்ணைக் கேட்கும்.

புள்ளிக்கணக்கு சொன்னபடி பள்ளிகளைக் கூட்டுவதாக இருந்தால் சமர்ப்பிப்பதற்கு முன்பே கூட்டிவிடுங்கள். ஒப்புதலுக்குப் பின் ஒரு பள்ளியைச் சேர்த்தாலும் அது திருத்தம்தான். சிறிய திருத்தம் என்றால் துரிதப் பரிசீலனையில் முடியும், ஆனால் பதில் வரும்வரை அந்தப் பள்ளிக்குள் போகக் கூடாது. ஒப்புதல் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். பகுதிநேர பிஎச்.டி. அதற்குள் முடியாது என்பதால், காலாவதிக்கு முன்பே முன்னேற்ற அறிக்கை கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.